எட்டாம் நம்பர் மட்டை

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மீட்டருக்கு வந்து சேர்ந்தது டாக்டர் வீட்டுப் பெண்ணின் பை. டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்தவளும் அவளேதான் என்பதால் யாரையும் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

மீட்டர் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினைந்து வருடமாக அந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட வருகிறவர்களுக்குப் பை தூக்குகிறாள். நின்ற இடத்திலிருந்து கொடி நட்டிருக்கும் குழிவரை கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்து, "நூத்தி நாப்பத்திரண்டு" என்பாள். விலை உயர்ந்த கருவியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அளக்கிறவர்கள், "ஒரு மீட்டர்கூடத் தப்பலையே" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். பை தூக்குகிறவர்களை கேடி என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். அதைக் காதில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி, ஊருக்குப் போகும்போது சாவியை இவளிடம் கொடுப்பதை ஒரு வருடம் நிறுத்தி வைத்திருந்தாள்.

மீட்டருக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள். இரண்டு பேருக்கும் நடுவில் பன்னிரண்டு வயது. அதே மைதானத்தின் பயிற்சித் திடலில் பந்துக் கூடை எடுத்துக் கொடுக்கிற கவுன்ட்டரில் சின்னவளுக்கு வேலை. திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் வேலை பார்க்கிறவர்கள் ஆடிக்கொள்ளலாம். அந்தத் திங்கட்கிழமைகளில், யாரோ ஓர் உறுப்பினர் வேண்டாமென்று விட்டுப் போன பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு அவள் தானாகவே ஆடிப் பழகினாள். அடித்தாள், தப்பினாள், மறுபடி அடித்தாள். ஐந்து வருடம். அக்காவிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் அக்கா அடுத்தவர்களுக்குச் சொல்வதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவின் கண் தப்பாது என்பது அவளுக்கு வேதவாக்கு.

இப்போது வந்திருக்கும் போட்டி சாதாரணப் போட்டி இல்லை. ஜெயிக்கிற ஒரே ஒரு பெண்ணைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு ஒரு வருடம் அனுப்புவார்கள். தங்குமிடம் அங்கேயே. இருபது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. சின்னவளுக்கு அடுத்த மாதம் இருபது முடிகிறது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

அப்பாவும் கணக்காகச் சொல்லிவிட்டார். கிடங்கில் காவல் வேலை பார்க்கிற மனிதர், கெட்டவர் இல்லை, அவருக்கு அவர் கவலை. "ஜெயிச்சா போ, நான் குறுக்க நிக்கல. தோத்தா குச்சியெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, சித்தி வேலை பாக்குற துணிக்கடையில போய்ச் சேரு. சட்டை மடிக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"சரிப்பா" என்றாள் சின்னவள். சரி என்று சொல்வதைத் தவிர அந்த வீட்டில் அவளுக்கு வேறு பேச்சு என்றைக்கும் இருந்ததில்லை.

தங்கைக்கு அக்காவே பை தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். மைதானத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால்தான் அது நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தாய்மாமன் மருமகனுக்குப் பை தூக்குகிற சாக்கில், புல்லுக்குள் கிடந்த பந்தைக் காலால் நகர்த்தி மாட்டிக்கொண்டார். அதிலிருந்து சொந்தக்காரர் சொந்தக்காரருக்குப் பை தூக்கக் கூடாது என்று பலகையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். யாரோ ஒரு மாமா செய்த திருட்டுத்தனத்துக்குச் சின்னவளின் தலையில் விடிந்தது. அவளுக்குச் சீட்டில் வந்தவர் ஆமாஞ்சாமி. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார். தங்கமான மனிதர், ஆனால் ஒரு தலையாட்டி பொம்மைக்கு இருக்கிற யோசனைதான் அவருக்கும் உண்டு.

போட்டி மூன்று நாள். எட்டுப் பெண்கள், தோற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியது. முதல் நாளும் இரண்டாம் நாளும் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு மீட்டர் சொன்னதெல்லாம் பலித்தது. சின்னவளும் தன் பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் காலையில் மிஞ்சியது இரண்டே பேர். மீட்டரே எதிராளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தங்கைக்கு எதிரில் நிறுத்தியது போலத்தான் ஆயிற்று.

அந்தப் பெண் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. தண்ணீர் குடிக்கும் முன் "நீங்க குடிச்சீங்களா அக்கா?" என்று கேட்கிறவள். மீட்டர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் செய்கிறவள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவளுக்குப் புது மட்டைகள் வந்திருந்தன. பயிற்சித் திடலில் ஒவ்வொரு மட்டையாக அடிக்கச் சொல்லி, எது எவ்வளவு தூரம் போகிறது என்று மீட்டர் மனதில் ஏற்றி வைத்திருந்தாள். புது மட்டைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. மட்டையின் நம்பர் குறையக் குறைய பந்து தூரம் போகும், இது பொது. ஆனால் இப்போது செய்கிறவர்கள், முன்பெல்லாம் ஏழாம் நம்பராக இருந்ததை லேசாக மாற்றி எட்டு என்று பொறித்து விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு, ஆகா, நம் எட்டு எவ்வளவு தூரம் போகிறது பார் என்று ஒரு சந்தோஷம். இந்தப் பெண்ணின் எட்டும் சின்னவளுடைய பழைய ஏழும் ஒன்று. மீட்டருக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வீட்டில் மூன்று நாளாக கோல்ஃப் பேச்சே கிடையாது. அக்காளும் தங்கையும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே கண்ணாடியில் தலை சீவினார்கள். பால் வந்துவிட்டதா, துணி காய்ந்ததா என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் செருப்பு மாட்டும்போது மட்டும் சின்னவள் சொன்னாள்.

"அக்கா, நீ உன் வேலைய ஒழுங்கா பாரு. எனக்காகப் பாக்காத."

"நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள் மீட்டர். சொல்லிவிட்டு, பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்குமுன் நடுவர் அம்மாள் விதிகளை வாசித்தார். நரைத்த தலை, கறாரான குரல். "ஆடுறவங்க அவங்கவங்க பை தூக்குறவங்ககிட்ட மட்டும்தான் யோசனை கேக்கலாம். எதிர்ப்பக்கம் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பை தூக்குறவங்க எதிராளிக்கு யோசனை சொன்னா, தண்டனை அவங்க யார் பையத் தூக்குறாங்களோ அவங்களுக்கு. அந்தக் குழி போச்சு." சொல்லும்போது அவர் மீட்டரைப் பார்க்காமல் தாளையே பார்த்தார். அதுவே பார்த்த மாதிரிதான் இருந்தது.

ஆட்டம் குழிக்குக் குழி நடக்கும். ஒரு குழியில் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. இவள் ஒன்று ஜெயித்தால் அவள் ஒன்று ஜெயித்தாள். பதினாறாவது வரை சின்னவள் ஒன்று முன்னால் இருந்தாள். பதினேழாவதை டாக்டர் வீட்டுப் பெண் எடுத்துச் சமன் செய்துவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று, பதினெட்டாவது. அது குட்டைக் குழி.

நீளக் குழியில் முதல் அடி கோணினால் இரண்டாவதில் சரிசெய்துகொள்ளலாம். குட்டைக் குழியில் ஒரே அடியில் பந்து போய்ப் புல்தரையில் உட்கார வேண்டும். பார்த்தால் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் ஆசை வரும், ஆசை வந்தவன் கொடியைப் பார்த்து அடிப்பான், அடித்துவிட்டு மண்டையில் கை வைப்பான். பதினைந்து வருடத்தில் மீட்டர் பார்த்த அளவில், குட்டைக் குழியில் கவிழ்ந்தவர்கள் அதிகமாக அடித்துக் கவிழ்ந்ததில்லை. பந்து எட்டாமல்தான் கவிழ்ந்தார்கள். கொடியை மறந்துவிடு, நடுவைப் பார். சந்தேகமாக இருந்தால் ஒரு நம்பர் குறைந்த மட்டையை எடுத்துப் பதறாமல் அடி. தப்புவதாக இருந்தால் எந்தப் பக்கம் தப்பினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முன்னாலேயே பார்த்து வை. அவள் எல்லோருக்கும் சொல்வது இவ்வளவுதான்.

கடைசிக் குழியில் முன்னால் குளம். குளத்தைத் தாண்டிச் சரிவான கரை, கரைமேல் வட்டப் புல்தரை. அன்றைக்குக் கொடியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஐந்தே மீட்டர் தள்ளி நட்டிருந்தார்கள். நட்டவனை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு மீட்டர் தூரம் பார்த்தாள். நூற்று முப்பத்து மூன்று. அடிக்கிற மேடையைச் சுற்றி அடர்ந்த மரங்கள், அங்கே இலைகூட அசையவில்லை. குளத்தைப் பார்த்தாள். இந்தப் பாதி வழவழவென்று கிடந்தது. அந்தப் பாதித் தண்ணீர் சிறு சிறு மடிப்பாகச் சுருங்கி இவர்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்று. மேடையில் நிற்கிறவருக்கு அது உடம்பில் படாது.

முந்தைய குழியை ஜெயித்தவள் என்பதால் டாக்டர் வீட்டுப் பெண்தான் முதலில் அடிக்க வேண்டும்.

"ஒன்பது போதும்ல அக்கா?"

போதும் என்று தலையாட்டினால் முடிந்தது. பந்து குளத்துக்குப் போகும், தங்கை முகாமுக்குப் போவாள், ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மீட்டருக்கு அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது.

"எட்டு எடுங்கம்மா" என்றாள். "அங்க காத்து எதுக்க வருது. நடுவுல அடிங்க. கொடியப் பாக்கவே பாக்காதீங்க."

பையிலிருந்து எட்டாம் நம்பரை உருவினாள். மட்டையை உருவும்போது அடியில் பொறித்திருக்கும் நம்பரை உள்ளங்கையால் மூடிக் கொடுப்பது அவள் வழக்கம். எதிராளி எந்த மட்டை என்று எட்டிப் பார்ப்பான், பார்க்கலாம், அதில் தப்பில்லை. காட்டாமல் இருப்பது பை தூக்குகிறவளின் சாமர்த்தியம். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கை மறந்ததில்லை.

அன்றைக்கு அவள் மூடவில்லை. மட்டையை உருவித் துண்டால் ஒருமுறை துடைத்தாள். துடைக்கத் தேவையே இல்லை. நம்பர் சின்னவள் நின்ற பக்கம் பார்த்திருந்தது. நான் வாய் திறக்கவில்லையே, ஒன்பது போதாது என்று அவள் புரிந்துகொண்டால் போதும், காற்று இருப்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று அவளுடைய மனம் அவசர அவசரமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டது. தூரம் அளப்பதில் கெட்டிக்காரியான அந்த மனதுக்கு, இது எந்தப் பையின் எட்டு என்பது அந்த ஒரு நொடியில் உறைக்கவில்லை.

டாக்டர் வீட்டுப் பெண் நடுவைப் பார்த்து அடித்தாள். பந்து காற்றில் கொஞ்சம் தயங்கி, தண்ணீரைத் தாண்டி, புல்தரையின் நடுவில் விழுந்து நின்றது.

அப்புறம்தான் மீட்டர் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் கையில் ஏற்கெனவே ஒரு மட்டை இருந்தது. கைப்பிடியில் நீல நாடா சுற்றிய மட்டை. அந்த நாடாவைச் சுற்றியவளே மீட்டர்தான். ஏழாம் நம்பர்.

அவளும் குளத்தைப் பார்த்திருக்கிறாள்! யாரும் சொல்லாமல், தானாகவே, காற்றைக் கண்டுபிடித்துச் சரியான மட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். மீட்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதே மூச்சில் சின்னவளின் கண் டாக்டர் வீட்டுப் பெண் கையிலிருந்த மட்டைக்குப் போயிற்று. அங்கிருந்து அக்காவின் முகத்துக்கு வந்தது. ஏதோ புரிந்துகொண்டது போல அந்த முகம் லேசாக மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு ஏழாம் நம்பரைப் பைக்குள் திருப்பிப் போட்டாள்.

"எட்டு எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார் ஆமாஞ்சாமி.

"ஏழு அதிகமாயிடும்ல?"

"ஆமா, ஆமா."

மீட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அது வேற எட்டுடி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நடுவர் அம்மாள் பத்தடி தள்ளி நின்றார். டாக்டர் வீட்டுப் பெண் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ் அக்கா, நீங்க சொல்லலைன்னா தண்ணியிலதான்" என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

ஒரே ஒரு சொல். ஏழு. அதை இரைந்து சொன்னால் விதிப்படி இந்தக் குழியை டாக்டர் வீட்டுப் பெண் இழந்துவிடுவாள்; குழி போனால் ஆட்டமும் போச்சு. சின்னவள் மட்டையைத் தூக்காமலே ஜெயிப்பாள். காதோரம் நன்றி சொன்ன இந்தப் பெண், தான் நம்பியவளாலேயே தோற்பாள். சொல்லாவிட்டால் எதிரே நிற்கிறவள், தான் நம்பியவளாலேயே தோற்பாள். எப்படிப் பார்த்தாலும் ஒருத்தியின் கழுத்தில் கத்தி. கத்தி இருப்பது இவள் கையில். அம்மா, நான் என்ன செய்வேன் என்று மனதுக்குள் கதறினாள்.

சின்னவள் பந்தின் முன்னால் நின்று கொடியை விட்டு நடுப்புல்லைப் பார்த்தாள். பதறவே இல்லை. அவ்வளவு அழகாக அவள் அடித்து மீட்டர் பார்த்ததில்லை. மட்டையின் நட்டநடுவில் பந்து பட்ட சத்தம் சுத்தமாகக் கேட்டது. பந்து நேராகப் போயிற்று, உயர எழும்பிற்று, எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு இறங்கிற்று. கரையின் மேல்விளிம்பில் விழுந்தது. நின்றுவிடும் போல இருந்தது. பிறகு மெள்ள உருண்டு, சரிவில் இறங்கி, தண்ணீருக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல ஒன்றும் இல்லை. அபராதத்தோடு சின்னவள் இன்னொரு பந்து அடித்தாள். டாக்டர் வீட்டுப் பெண் இரண்டு தட்டில் பந்தைக் குழிக்குள் தள்ளினாள். இருவரும் கை குலுக்கினார்கள். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?" என்று நடுவர் அம்மாள் வழக்கப்படி கேட்டார். மீட்டர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுப் பெண் ஓடிவந்து மீட்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீட்டரும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பை கழுவுகிற கொட்டகையில் மீட்டர் தனியாக மட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்தாள். அடுத்த குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

"நல்லாத்தான் பட்டுச்சு. சத்தம் கேட்டேல்ல?"

"கேட்டுச்சு."

"அப்புறமும் போய்ச் சேரலன்னா, என் கையில பலம் அவ்ளோதான்க்கா. அப்பா சொன்னது சரிதான். திங்கக்கிழமை சித்தியோட போறேன்."

இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. மூடிக்கொண்டே இருந்திருந்தால் அவளுக்கு நல்லது.

"உன் கை மேல தப்பில்லடி. அவ வெச்சிருக்கிறது புது செட்டு. அவளோட எட்டும் உன்னோட ஏழும் ஒண்ணு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை மூடினாள். அவளுக்கு எதையும் மெதுவாகத்தான் யோசிக்க வரும், ஆனால் யோசித்தால் கடைசிவரை போய்விடுவாள்.

"நீ எப்பவும் நம்பரை மூடிக் குடுப்பே. இன்னைக்கு மூடல. எனக்குத்தான் காட்டுறேன்னு நினைச்சேன்."

"உனக்குத்தான் காட்டினேன்."

"நான் ஏழு எடுத்து வெச்சிருந்தேன்."

"பாத்தேன்."

"பாத்தியா?" அவள் குரல் எழும்பவில்லை. "நான் திருப்பி உள்ள போட்டேனே, அதையும் பாத்தியா?"

"பாத்தேன்டி." மீட்டரின் கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது. "அந்தப் பொண்ணு என்னை நம்பி நின்னுச்சு. நான் வாயத் திறந்தா அது தோத்துப் போயிடும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

சின்னவள் திட்டவில்லை, அழவில்லை. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ பண்ணது சரிதான்க்கா. யாரைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க" என்றாள். "ஆனா உன் இடத்துல நான் இருந்து, என் இடத்துல நீ இருந்திருந்தா, நான் கத்தியிருப்பேன்."

கவுன்ட்டரில் அவளுக்கு மூன்று மணிக்கு வேலை. நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள். அவள் கத்தியிருப்பாள் என்பதில் மீட்டருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவளை அந்த ஈரத் தரையிலேயே உட்கார வைத்துவிட்டது.